கடலைப்பருப்பு மஞ்சள்

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்
முப்பத்தாறு நைலோன் பைகள் தாட்டேன்.
பைக்குப் பத்துக் கிறாம் பசளைக் குளிகை.
கடலைப்பருப்பு மாதிரி மஞ்சள்,
ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு.
இராசமலரின் சின்னவன் ஒன்றை வாயில் போடப் பார்த்தான்.
கையைத் தட்டிவிட்டேன்.
அவன் அழவில்லை. விரலை மணந்து பார்த்து
"நெருப்புக்குச்சி" என்றான்.

ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே செம்மண் காணி.
நாலு விரல் ஆழத்தில் பை,
அதற்கு மேல் கச்சான்,
வரிசைக்கு ஒரு தடி, தடியில் இலக்கம்.
கந்தோரில் தந்த தாள் சொன்னது:
ஈரம் பட்டால் குளிகைக்குள் இருக்கும் களி ஊதும்,
ஊதினால் குளிகை வெடிக்கும்,
வெடித்த தூளைக் கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் தின்னும்,
தின்று கழித்தது வேருக்குப் போகும்.
வாசிக்க நன்றாகத்தான் இருந்தது.

இராசமலருக்குச் சொல்லும்போது மட்டும்
வெடிக்கும் என்பதை
உடையும் என்று மாற்றினேன்.
கந்தகம் என்ற பெயரையே
அவள் இரண்டு தரம் கேட்டாள்.
"இதுக்கு இப்ப பாஸ் வேண்டாமே மிஸ்?"
வேண்டாம் என்றேன்.
அரை மூட்டை அவளுக்கும் கொடுத்தேன், மற்ற அந்தத்துக்கு.
எறிந்த அன்றே உழுது மூடிவிட வேண்டும்,
தாளில் அப்படித்தான்.

இரண்டாம் கிழமை தோண்டினேன்.
ஒன்பது புள்ளி எட்டு.
நாலாம் கிழமை, ஒன்பது புள்ளி ஆறு.
மழை அடித்துக் கொட்டியது,
முத்தையன்கட்டு வான் பாய்ந்தது,
பள்ளிக்கூடம் மூன்று நாள் பூட்டு.
எட்டாம் கிழமை
ஒன்பது புள்ளி மூன்று.

தராசின் பற்றரியை மாற்றினேன்.
பிறகு தராசையே மாற்றினேன்.
கழுவித் துடைத்தால்
கடையில் வாங்கியதுபோலப் பளபளக்கிறது.
மண் நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது,
ஊதுவதற்கு இடம் எங்கே?

சல்லடையில் வேறு சிலவும் வந்தன.
ஒரு சட்டைப் பொத்தான்.
துருவேறிய தகட்டுத் துண்டு.
அவற்றுக்கு என் பதிவேட்டில் நிரல் இல்லை,
வரம்பில் வைத்தேன்.

மேலே கச்சானின் குருத்திலை வெளிறி வந்தது.
கந்தகம் இல்லாததால் இலை மஞ்சள்.
நாலு விரல் கீழே
கந்தகம் இருந்தும் மஞ்சள்.

மற்ற அந்தத்துக்கு அன்றைக்குத்தான் போனேன்.
பிந்தி முளைத்த கச்சான், கட்டை,
ஆனால் குருத்தெல்லாம் பச்சை.
கிண்டினேன். ஒரு முழுக் குளிகை இல்லை.
மா மாதிரி ஏதோ நகத்தில் ஒட்டியது,
மணந்து பார்த்தேன், அதேதான்.

இராசமலர் பூவரசுக்குப் பின்னால் நின்றாள்.
"ஏசாதையுங்கோ மிஸ்.
எறிஞ்ச அண்டைக்கே லான்ட்மாஸ்ரர் பெல்ட் அறுந்து போச்சு.
புதுக்குடியிருப்பில சாமான் இல்லை,
பத்தொன்பது நாள்.
அது முழுக்க வெளியில கிடந்து
மழையில ஊறி, வெயிலில காய்ஞ்சு,
திருப்பி ஊறி...
உங்களுக்குச் சொல்லப் பயந்து
விடியக் காத்தால உழுதனான்."

நான் ஏசவில்லை.
குந்தியிருந்து யோசித்தேன்,
மூடும் அவசரம்
தாளில் யார் எழுதியது என்று.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
பெல்ட் அறுந்தது. 19 நாள்.
கந்தோரில் கேட்பார்கள்.
இன்னும் ஒன்பது பைகள் கீழே இருக்கின்றன,
தவணை தை நடுவில்.
எவ்வளவு நிறுக்கும் என்று தெரியும்,
என்றாலும் அன்றைக்குத்தான் தோண்டுவேன்.

போகும்போது
கழுவிய குளிகை ஒன்றைப்
பொத்தானுக்குப் பக்கத்தில், வானம் பார்க்க,
இலக்கமில்லாமல் வைத்தேன்.

மார்கழி முடிய வந்தபோது
சின்னவன் றோட்டுக்கே ஓடிவந்தான்.
"மிஸ், உங்கட பருப்பு பொடிஞ்சு போச்சு.
சத்தியமா
நான் தொடயில்லை."